முதலில் சந்தை, அப்புறம் சமையல்

மதுரை அண்ணா நகரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று வருஷமாக ஐந்து பெண்கள் சேர்ந்து இருக்கிறோம். எல்லோரும் படிக்கிறவர்கள். எனக்குக் கமுதிப் பக்கம் ஒரு கிராமம். மற்ற நான்கு பேரையும் வீட்டுக்குள் ஊர்ப்பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்: தேனி, நாகர்கோவில், சிவகங்கை, திண்டுக்கல். இந்த வருஷம் புதிதாக வீடு எடுத்த ஜூனியர் பிள்ளைகள், "மெஸ்ஸுக்குப் போகாம எப்படிக்கா சமாளிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை முழுசாக இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் அடுப்படியில் பெரிய விதி ஒன்றுதான். சந்தையைப் பார்க்காமல் சமையலை முடிவு செய்யக் கூடாது.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. நாங்கள் குடிவந்தது ஆடி மாதம். முதல் வாரமே உட்கார்ந்து ஏழு நாளைக்கும் பட்டியல் போட்டோம். திங்கள் காலிபிளவர் வறுவல், செவ்வாய் பட்டாணிக் குருமா, புதன் குடைமிளகாய் சாதம் என்று ஒவ்வொருத்தியும் ஆசைப்பட்டதெல்லாம் அதில் இருந்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தோம். ஒரு வாரக் காய்க்கு ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது. வியாழக்கிழமை பிரிட்ஜைத் திறந்தால், பிளாஸ்டிக் பையோடு உள்ளே வைத்த இரண்டு கட்டுக் கீரையும் கறுத்துக் கொழகொழத்துப் போயிருந்தன. காலிபிளவரில் புள்ளி விழுந்திருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஆடி மாசம் எந்த நிலத்துல காலிபிளவர் காய்க்குதாம்? சந்தையில எது குவிஞ்சு கெடக்கோ அதை வாங்கு. அதை வச்சு என்ன செய்யிறதுன்னு நான் சொல்றேன்."

அதற்குப் பிறகு பட்டியல் போடுவதை விட்டுவிட்டோம். இப்போது ஐந்து பேருக்கு ஒரு வாரக் காய், கீரை, தேங்காய் எல்லாம் சேர்த்து அறுநூறு, எழுநூறு ரூபாயில் முடிகிறது. குப்பைக்குப் போவது ஏறக்குறைய எதுவும் இல்லை.

சந்தைக்குள் இரண்டு சுற்று

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் உழவர் சந்தை இருப்பது பெரிய கொடுப்பினை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதே அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. விளைவித்தவரே கொண்டுவந்து விற்கிற இடம். அடையாள அட்டை வைத்திருக்கிற விவசாயிக்குத்தான் கடை. அன்றன்றைக்கு விலை நிர்ணயித்து வாசலில் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். மொத்த மார்க்கெட் விலையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், தெருக்கடை விலையைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் ஊரில் உழவர் சந்தை இல்லையென்றால் வாரச்சந்தை நிச்சயம் இருக்கும். கீழே சொல்வது அதற்கும் பொருந்தும்.

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வதங்கியதுதான் மிஞ்சும், மதியத்துக்குள் சந்தையே கலைந்துவிடும்.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நடந்து பாருங்கள். எந்தக் காய் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஏழெட்டுப் பேர் முன்னால் சீனிஅவரைக்காய், அதாவது கொத்தவரங்காய், குவிந்து கிடந்தால் அது சீனிஅவரை காய்க்கிற காலம். ஒரே ஒருத்தரிடம் மட்டும், அதுவும் கால் கூடைதான் இருக்கிறது என்றால் அதைத் தொடாதீர்கள். பருவத்தை அறிய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது. விலைப் பலகையும் இதையேதான் வேறு மாதிரி சொல்லும். போன வாரம் 40 ரூபாய் இருந்த வெண்டைக்காய் இந்த வாரம் 24 என்றால், சுற்றுவட்டாரத்தில் வெண்டை நன்றாகக் காய்க்கிறது என்று அர்த்தம். திண்டுக்கல் ஒரு சின்ன டைரியில் வாராவாரம் பலகை விலையைக் குறித்துவைக்கிறாள். ஒரு வருஷம் ஓடியதும் அந்த டைரியே எங்களுக்குப் பஞ்சாங்கம் ஆகிவிட்டது.

இரண்டாவது சுற்றில் வாங்குங்கள். ஐந்து பேருக்கு ஒரு வாரத்துக்கு எங்கள் கணக்கு இது: குவிந்து கிடக்கிற காயில் மூன்று வகை, வகைக்கு ஒரு கிலோ. கீரை இரண்டு கட்டு. பத்து நாள் கிடந்தாலும் கெடாத ஒன்று, அதாவது பரங்கி, சேனை, சேப்பங்கிழங்கு இவற்றில் எதாவது. சின்ன வெங்காயம் ஒரு கிலோ, தேங்காய் மூன்று. கீரையை ஞாயிறும் திங்களும் முடித்துவிட வேண்டும். வெண்டை, கத்தரி, பீர்க்கு எல்லாம் புதன் வரை. வியாழனிலிருந்து கிழங்கு, பரங்கி, பருப்பு. சீக்கிரம் வாடுவதை முதலில் சமைத்தால் பிரிட்ஜே தேவைப்படாது.

கையில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும். கத்தரிக்காயின் காம்புத் தொப்பி பச்சையாக முள்ளோடு இருக்க வேண்டும், காய் பார்ப்பதற்கு இருப்பதைவிடக் கையில் லேசாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே விதை முற்றியிருக்கும். முருங்கைக்காயை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் வளைந்துகொடுக்க வேண்டும். சுரைக்காயில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் வாங்காத காயின் நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு வருவது பாவம். ஒன்றை ஒடித்துப் பார்த்தால் போதும், அந்தக் குவியலே தெரிந்துவிடும். தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டுங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும், கண் பகுதியில் ஈரமோ பூசணமோ இருக்கக் கூடாது.

கீரைக்காரப் பாட்டியிடம் பேசுங்கள். எங்களுக்கு முடக்கத்தான் எது, மணத்தக்காளி எது, பருப்புக்கீரை எது என்று இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது சோழவந்தான் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பாட்டிதான். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தால் அன்றைக்குக் காலையில் பிடுங்கியது என்பதும் அவர் சொன்னதுதான்.

துணிப்பை நான்கு எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள், மஞ்சப்பை திரும்பி வந்தும் சில வருஷம் ஆகிவிட்டது. எங்களிடம் இருப்பவையெல்லாம் கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுத்த பைகள்தான். தக்காளிக்கு மட்டும் ஒரு தூக்குவாளி கொண்டுபோகிறோம், நசுங்காமல் வரும்.

மாதம் பார்த்துச் சாப்பிடுவது

தமிழ் மாதத்தை வைத்துச் சொல்கிறேன். வெயிலும் மழையும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

தையும் மாசியும் சந்தை நிறைந்து கிடக்கிற மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய நிலம் அப்போதுதான் பலன் கொடுக்கும். அவரை, பச்சை மொச்சை, பச்சைத் துவரை, கத்தரி, பரங்கி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். நாங்கள் ஆடியில் தேடி அலைந்த காலிபிளவரும் முள்ளங்கியும் பட்டாணியும் இப்போதுதான் மலிவு. மொச்சையை உரிப்பதற்கு ஆள் வேண்டும், ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. தினசரியை விரித்துச் சுற்றி உட்கார்ந்தால் இரண்டு கிலோ மொச்சை அரை மணி நேரத்தில் உரிந்துவிடும். மொச்சையும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பை அந்த இரண்டு மாதமும் சலிக்கச் சலிக்கச் சாப்பிட்டுவிட வேண்டும். அப்புறம் அடுத்த தைக்குத்தான்.

மாசிக் கடைசியிலிருந்து தக்காளி குவியும். கிலோ 10 ரூபாய்க்குக்கூட இறங்கிவிடும். பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் விவசாயிகள் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற செய்தி ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். படிக்கும்போது வயிறு எரியும். அந்த வாரங்களில் நாங்கள் பத்துக் கிலோ வாங்கித் தொக்குப் போட்டுவைக்கிறோம். புதுப்புளியும் இப்போதுதான் வரும். எங்கள் ஊர்ப்பக்கம் முண்டு வத்தல் களத்தில் காய்ந்து சிவப்பாகக் கிடக்கிற நேரமும் இதுதான். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குட்டையாக, உருண்டையாக, குலுக்கினால் விதை சலசலக்கும். ஐந்து பேருக்கு ஒரு வருஷத்துக்கு ஐந்து கிலோ வத்தலும் மூன்று கிலோ புளியும் நான் பங்குனியில் ஊரிலிருந்து கொண்டுவந்துவிடுவேன். வருஷச் சாமான் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வாடகை வீட்டிலும் அதைச் செய்யலாம், இரண்டு எவர்சில்வர் தூக்கு இருந்தால் போதும்.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் வற்றும், கீரை குறையும். அதை ஈடுகட்ட மாங்காயும் முருங்கையும் வெள்ளரியும் வந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு காய்க்குக் கொடுத்த காசுக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் இப்போது கிடைக்கும். பருப்பும் மாங்காயும் முருங்கையும் கத்தரியும் போட்டுச் சாம்பார் வைத்தால், ஒரே பருவத்தில் விளைந்தவை ஒன்றுக்கொன்று எப்படிச் சேர்கின்றன என்று நாக்குக்குத் தெரியும். நாகர்கோவில் ஊருக்குப் போனால் பலாக்கொட்டையும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) கொண்டுவருவாள். மரச்சீனியைத் தோலுரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். இதில் அவசரம் கூடாது.

ஆனி, ஆடியில் காற்று. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், அதாவது பல காய்கள் அப்போது விதையாகவும் நாற்றாகவும் மண்ணில் இருக்கின்றன. சந்தைக்கு வருவது சீனிஅவரை, புடலை, பாகல், பீர்க்கு, வெண்டை. தக்காளி விலை பெரும்பாலும் இப்போதுதான் ஏறும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. அந்த மாதம் நாங்கள் தக்காளியே வாங்கவில்லை. புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகுக் குழம்பு, எலுமிச்சை ரசம் என்று மாறி மாறி வைத்தோம். பங்குனித் தொக்கும் இருந்தது. யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை.

புரட்டாசியில் பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் மழை. கீரை அழுகும், காய் விலை ஏறும். இந்த மூன்று மாதத்துக்குத்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, கிழங்கு, கொடைக்கானல் பக்கத்துச் சௌசௌ, பருப்பு, அப்புறம் வெயிலில் காயவைத்த காய் வத்தல். வத்தலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எந்தக் காய்க்கும் ஒரே குழம்பு

காய் வாராவாரம் மாறும், குழம்பு மாற வேண்டியதில்லை. புதிதாகச் சமைக்கிற பிள்ளைகள் ஐம்பது குறிப்புகளைத் தேடாமல் இந்த ஒன்றைக் கை பழக்கிக்கொண்டால் வருஷம் முழுவதும் ஓடும்.

முதலில் பொடி. முண்டு வத்தல் கால் கிலோ, மல்லி அரைக் கிலோ, துவரம்பருப்பு 50 கிராம், சீரகம் 50 கிராம், மிளகு 25 கிராம், வெந்தயம் இரண்டு தேக்கரண்டி, விரலி மஞ்சள் இரண்டு துண்டு. வெயிலில் ஒரு நாள் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து அரைத்து, ஆறவிட்டு அடைத்துவையுங்கள். ஐந்து பேருக்கு இரண்டு மாதம் வரும். கடையில் வாங்கும் பொடிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் மில்லிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

பெரிய எலுமிச்சை அளவு புளியை, அரிசி இரண்டாவது முறை கழுவிய தண்ணீரில் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீர் குழம்புக்குக் கொஞ்சம் கெட்டித்தன்மை கொடுக்கும். சட்டியில் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை போடுங்கள். வெந்தயம் சிவக்கும்போதே இரண்டு கை உரித்த சின்ன வெங்காயமும் பன்னிரண்டு பல் பூண்டும் போட்டுவிட வேண்டும், விட்டால் கசந்துவிடும். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் அரைக் கிலோ காய். பொடி மூன்று தேக்கரண்டி, உப்பு. அடுப்பைக் குறைத்துப் பொடியை எண்ணெயிலேயே அரை நிமிஷம் புரட்டி, புளித்தண்ணீரை ஊற்றுங்கள். பச்சை வாசம் போய், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுமினுக்கும்வரை கொதிக்க வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கால் மணி நேரமாவது ஆகும்.

காய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்வது சின்னச் சின்ன விஷயம்தான். கத்தரியையும் வெண்டையையும் எண்ணெயில் நன்றாக வதக்கிவிட வேண்டும். பீர்க்கு, சுரை, புடலை தானே தண்ணீர் விடும், அதனால் புளித்தண்ணீரைக் குறைத்து, குழம்பு பாதி கொதித்த பிறகு காயைப் போடுங்கள். மொச்சையும் கிழங்கும் தனியே வெந்து வர வேண்டும். மாங்காய் போட்டால் புளி பாதி போதும். பாகற்காய் என்றால் கடைசியில் ஒரு சுண்டைக்காய் அளவு வெல்லம். காய் வத்தல் என்றால் எண்ணெயில் வறுத்துத் தனியே எடுத்துவைத்து, இறக்கும்போது போட வேண்டும். நாகர்கோவில் சமைக்கிற நாளில் இதே குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவாள். சிவகங்கை கொஞ்சம் சோம்பு தட்டிப் போடுவாள். குழம்பு ஒன்றுதான் என்றாலும் சாப்பிடும்போது யார் கை என்று தெரியும்.

வெஞ்சனத்துக்குத் தனியாக எதுவும் தேட வேண்டாம். வாங்கிய மூன்று காயில் ஒன்று குழம்புக்குப் போனால் இன்னொன்று பொரியல், மற்றொன்று கூட்டு.

தோலும் தண்டும்

பீர்க்கங்காய் வாங்கினால் இரண்டு சாப்பாட்டுக்கு ஆகும். தோலை அழுத்திச் சீவி, முரட்டு நரம்பை மட்டும் தள்ளிவிட்டு, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். உளுந்து ஒரு கரண்டி, மிளகாய் வத்தல் நான்கு, புளி கொட்டைப்பாக்கு அளவு, உப்பு, இரண்டு கீற்றுத் தேங்காய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். அதை நல்லெண்ணெயோடு சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போன தோழி ஒருத்தி, என்ன காய் என்று கேட்டு மறுநாள் போன் செய்தாள்.

முள்ளங்கி இலையைப் பாசிப்பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம். கீரைத்தண்டு சாம்பாருக்கு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி, சுரைக்காய் மாதிரி கூட்டுக்கு ஆகும். பரங்கி விதையைக் கழுவிக் காயவைத்து வறுத்தால் படிக்கும்போது கொறிக்கலாம். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு. இதற்கு மேலும் மிஞ்சுகிற தோலையும் முதல் அரிசி கழுவிய கழனித்தண்ணியையும் ஒரு வாளியில் சேர்த்துவைப்போம், மாடு வைத்திருக்கிற பால்காரம்மா சாயங்காலம் வந்து எடுத்துப் போவார். அவர் வராத நாளில், மொட்டைமாடியில் அடியில் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளி இருக்கிறது. ஒரு அடுக்குக் கழிவு, அதன் மேல் ஒரு அடுக்கு காய்ந்த சருகு அல்லது தேங்காய் நார் என்று போட்டால் நாற்றம் வராது. இரண்டு மாதத்தில் எருவாகிவிடும். அதில்தான் எங்கள் கறிவேப்பிலையும் தண்டுக்கீரையும் வளர்கின்றன. சமைத்த சோறு, எண்ணெய், மீன் முள் இவற்றை அதில் போடாதீர்கள், எலி வரும்.

ஐந்து பேர், ஒரு அடுப்பு

காசு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. மாதம் முதல் தேதி ஆளுக்கு 2,000 ரூபாய் டப்பாவில் விழுந்துவிடும். 25 கிலோ அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய், காய், பால், கேஸ் எல்லாம் அதிலிருந்துதான். மிச்சம் இருந்தால் பங்குனிச் சாமான் செலவுக்குப் போகும். முகவரிச் சான்று இல்லாமல் பெரிய சிலிண்டர் எடுக்க முடியாதவர்கள் 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம், நாங்கள் இரண்டு வைத்திருக்கிறோம். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசியோடு ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரத்தில் வைத்தால் கேஸ் நன்றாக மிச்சமாகும்.

சந்தைக்கு வாரம் இரண்டு பேர், முறை வைத்து. எது வாங்குவது என்பது போகிறவர்கள் முடிவு. வீட்டில் இருந்தவர்கள் "இது ஏன், அது ஏன்" என்று கேட்கக் கூடாது. வேண்டுமானால் அடுத்த வாரம் அவர்கள் போகட்டும்.

இன்னொன்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வராதவர்கள் மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். காய் அழுகி வீணாவதைவிட, வராத ஆளுக்குச் சமைத்து வீணாவதுதான் சேர்ந்து தங்குகிற வீட்டில் அதிகம். ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது எங்கள் அளவு. ஒருத்தி வரவில்லை என்று தெரிந்தால் அந்த 100 கிராம் மூட்டையிலேயே இருக்கும். அப்படியும் சோறு மிஞ்சினால், ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துக் காலையில் உப்பும் மோரும் விட்டுக் குடித்துவிடுவோம். வெயில் காலத்தில் அதற்கும் சின்ன வெங்காயத்துக்கும் ஈடு கிடையாது.

மீன் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் பெருகுவதற்காக விடுகிற நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்கு அது ஜூன், ஜூலை. அந்த நாட்களில் பெரிய மீனைத் தேடிப் போகாமல், நாட்டுப்படகில் வருகிற சின்ன மீனையோ, கண்மாய் வற்றும்போது பிடிக்கிற கெண்டை, விராலையோ வாங்குகிறோம். மற்ற மாதங்களிலும் சாளைதான் எங்களுக்கு. மலிவு, சத்து, ஐந்து பேருக்கும் தட்டு நிறைய வரும்.

வைத்துக்கொள்வது, காயவைப்பது

கீரையை வேரை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். கொத்தமல்லியை வேரோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டால் பத்து நாள் இருக்கும். சின்ன வெங்காயத்தைச் சுளகில் பரப்பிக் காற்றுப் படும்படி வைக்க வேண்டும், உருளைக்கிழங்கோடு சேர்க்கக் கூடாது. தேங்காயைக் குடுமி மேலே இருக்கும்படி நிறுத்திவையுங்கள்.

வத்தலுக்கு வருகிறேன். மதுரை வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம், ஆனால் சித்திரையில் மொட்டைமாடியில் நான்கே நாளில் எதுவும் காய்ந்துவிடும். சீனிஅவரையை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வடித்து, பழைய வேட்டியில் பரப்புங்கள். வெண்டையையும் பாகலையும் வட்டமாக நறுக்கி, புளித்த மோரில் உப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துக் காயவையுங்கள். சாயங்காலம் எடுத்துத் திரும்ப அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே செய்ய வேண்டும். மோர் மிளகாய்க்கும் இதே முறைதான், மிளகாயின் வயிற்றில் ஊசியால் குத்திவிட்டுப் போட வேண்டும். கையில் எடுத்து ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் ஒரு வெயில் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடிக்குள் பூசணம் பிடித்துவிடும்.

போன சித்திரையில் தேனியும் நானும் செமஸ்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மாடியில் காக்கா விரட்டினோம். சீனிஅவரை வத்தல் ஒரு தூக்கு, மோர் மிளகாய் ஒரு தூக்கு, வெண்டை வத்தல் அரைத் தூக்கு தேறியது. கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை பெய்து சந்தையில் பாதிக் கடை காலியாகக் கிடந்தபோது, அந்தத் தூக்கைத் திறந்து ஒரு கை சீனிஅவரை வத்தலை எண்ணெயில் போட்டோம். பொரிகிற வாசம் கீழ்வீடு வரை இறங்கி, வீட்டுக்கார அம்மா கிண்ணத்தோடு படியேறி வந்தார். இந்த வருஷம் அவருக்கும் சேர்த்துக் கூடுதலாக ஒரு கிலோ போடச் சொல்லியிருக்கிறார், காயவைக்க அவர் வீட்டுப் பாயைத் தருவதாகவும் பேச்சு.